எஃப் ஷார்ப்

வயர்லெஸ், எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ்,
இவைதான் எனக்குத் தெரியும்.
குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடைக்கு
மீன் தேடும் கருவிகள்தான் வரும்,
செதில் ஒட்டியபடி.

அன்றைக்கு டெம்போவில் வந்திறங்கியது ஓர் ஆர்கன்.
நான்கு பேர் தூக்கினார்கள்.
இத்தாலியில் செய்தது, ஒரு கால் நைலான் கயிற்றில் நின்றது.
குறும்பனைக் கோவிலில் முப்பத்தெட்டு வருடம்
பீடத்துக்கு இடப்பக்கம் இருந்ததாம்.
"எல்லாம் பாடும், ஒண்ணு மட்டும் பாடாது,"
என்றார் ததேயுஸ். வாசிக்கிறவர்;
பகலில் ஐஸ் பிளான்ட்டில் கணக்கெழுதுகிறவர்.
"எஃப் ஷார்ப். மேலேயும் கெடையாது, கீழேயும் கெடையாது.
பதினோரு வருசமாச்சு, கேட்டியளா."

மூடியைக் கழற்றினேன்.
அரைப்பிடி கருமணல்,
கரப்பானின் முட்டைக்கூடு இரண்டு,
ஜெபமாலை மணி ஒன்று,
மெழுகு வழிந்து உறைந்த ஐம்பது பைசா.
செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது.
கடல் யாரையும் விடுவதில்லை;
ஆனால் இதைக் கொன்றது கடல் இல்லை.

பன்னிரண்டு அட்டைகள், சுரத்துக்கு ஒன்று.
ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சில்லு
உச்சி சுரத்தை வாங்கிப் பாதியாக்கும்,
பாதியை மறுபடி பாதியாக்கும்,
அப்பத்தைப் பிட்டுப் பிட்டு வைப்பதுபோல
அடித்தொண்டை வரைக்கும்.
அது செத்தால் வம்சமே ஊமை.

பூதக்கண்ணாடியில் எண்ணைப் படித்து
திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கேட்டேன்.
"இதுக்கு அடக்கம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சே" என்றார்கள்.
கொச்சியில் ஒருவர் இருக்கிறது என்று பணம் வாங்கி
வேறொன்றை அனுப்பினார்,
பழைய எண்ணைச் சுரண்டி, புது எண் அச்சடித்து.
அச்சு மட்டும் நல்ல அச்சு.

பிறகு காலண்டரில் கிழித்த ஆனி மாதத்தின் முதுகில்
வரைந்து பார்த்தேன்:
எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது.
இருபத்தெட்டு ரூபாய்ச் சில்லு ஒன்று
இதே வேலை தெரிந்தது, எந்தக் கடையிலும் கிடைப்பது.
கால்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.
அங்கே ஓடுவது இருபத்திரண்டு வோல்ட்,
இது பதினெட்டுக்கு மேல் தாங்காது.
வாசலில் ஒரு ஜீனர் டயோடைக் காவல் வைத்து
தீப்பெட்டி அளவில் பொய்க்கால் பலகை கட்டினேன்.
மூன்று ராத்திரி.
ஒரு சில்லு கருகியது. அது என் தப்பு.

நாலாம் ராத்திரி ததேயுஸ் கட்டையை அழுத்தினார்.
ஒரு முனகல். அப்புறம் நேராக நின்றது.
அந்த ஒன்றையே மேலும் கீழும் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர்
ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் சி.எஸ்.ஐ. ஆனாலும் அந்த ஞாயிறு
பூசைக்குப் போய்ப் பின்னால் நின்றேன்.

ஜி-யில் அமைந்த பாட்டையெல்லாம் எஃப்-க்கு இறக்கியே
இத்தனை வருடம் சமாளித்திருக்கிறார்.
ஒரு பாட்டை மட்டும் இறக்க முடியவில்லை,
பெண்களுக்கு அடியில் எட்டாது.
அதில் அந்த இடம் வரும்போது விரலைத் தூக்குவார்;
குழுவும் மூச்சு வாங்கிக்கொள்ளும்.
பின்னால் சேர்ந்த பிள்ளைகள்
அந்த மூச்சையும் மெட்டென்றே படித்திருந்தார்கள்.

அன்று அவர் விரலைத் தூக்கவில்லை.
முப்பது வாய்கள் மூடிய இடத்தில்
என் இருபத்தெட்டு ரூபாய்
தனியாக நின்றது.
முன்வரிசைப் பயல் திரும்பிப் பார்த்தான்,
யார் தப்பாய்ப் பாடியது என்று.
இரண்டாம் சரணத்திலும் அப்படியே.
மூன்றாவதில் ஒரே ஒரு பெண்குரல்,
பழைய ஆள் போலிருக்கிறது,
தயங்கி வந்து அதன் பக்கத்தில் நின்றது.

கூலி இரண்டாயிரம் சொல்லியிருந்தேன்.
ஆயிரத்தைந்நூறும் ஒரு பை நெத்தோலியும் வந்தன.
செத்த சில்லைத் ததேயுஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்.
அச்சன் வீட்டு பிரிட்ஜ் ஓடும்போதெல்லாம்
ஆர்கன் உறுமுகிறதாம்.
எர்த் சரியில்லை.
வரச்சொல்லியிருக்கிறார்கள். போகணும்.